'பங்கு' என்பதன் பழம்பொருள்

நாம் நாள்தோறும் வழங்கும் 'பங்கு' என்ற சொல்லுக்குத் தமிழில் பாகம் என்று பொருள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பாரிஷ்' என்ற சொல்லோ, 'பரொய்க்கியா' என்னும் பண்டைக் கிரேக்கப் பெயர்ச்சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்ததாகும். 'பரா' என்றால் அருகில். 'ஒய்க்கோஸ்' என்றால் வீடு. குடியுரிமையின்றி அயலூரில் தங்கி வாழ்பவன் 'பரொய்க்கோஸ்'. அவ்வாறு தங்கி வாழ்வதே 'பரொய்க்கியா'.

கிரேக்கத்தில் இது பெண்பாற் சொல். தமிழில் வேற்றுமை உருபு சேர்வதுபோல அங்கே சொல்லின் ஈறு மாறும். எழுவாய் 'பரொய்க்கியா', செயப்படுபொருள் 'பரொய்க்கியான்', உடைமைப் பொருளில் 'பரொய்க்கியாஸ்', பன்மை 'பரொய்க்கியாய்'.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது. திருத்தூதர் பணிகள் 13:17-இல் இஸ்ரயேலர் எகிப்தில் அந்நியராய்த் தங்கியதைக் குறிக்கிறது. 1 பேதுரு 1:17-இல் உடைமை வடிவில் நின்று, விசுவாசிகள் இவ்வுலகில் தங்கியிருக்கும் காலத்தைச் சுட்டுகிறது. ஓரூரின் கிறிஸ்தவ சமூகத்துக்கு இது பெயரானது பிற்காலத்தில்தான்.

எல்லைப்புறத்தவராகிய அம்மையார்குப்பத்தாருக்கு இப்பொருள் எளிதில் விளங்கும். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆகவே, பிழைப்புத் தேடி வந்து, கோயிலில் கடைசி வரிசையில் தயங்கி நிற்பவரை 'வெளியூரார்' என ஒதுக்காதிருப்போமாக. பழைய சொல்லின்படி பார்த்தால், பங்கின் முதல் உறுப்பினர் அவரே.