சூலியா ஸ்திரீட்டில் ஒரு அவுன்ஸ்

1907-இல் பினாங்கு சூலியா ஸ்திரீட்டில் வைத்தியம் பார்த்தவர் டாக்டர் வூ லியென்-தே. பின்னால் மஞ்சூரியாவில் பிளேக்கை அடக்கிய அதே ஆள்தான். அபின் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராக இருந்த அவரிடமே ஒரு அவுன்ஸ் அபின் கரைசல் இருந்ததென்று வழக்குப் போட்டு, அபராதம் விதித்தார்கள். அப்போது நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. யார் யாரைப் பிடிக்கிறார்கள் பாருங்கள்!

எனக்கு அந்த ஒரு அவுன்ஸ்மேல்தான் கண். கடும் வலிக்கு அன்றைய டாக்டரிடம் அதைவிட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் குடித்தால் உடம்பு முழுக்கப் பரவும். வலியும் குறையும், மூச்சும் குறையும்.

நெஞ்சைத் திறக்கும் அறுவையில் இது பெரிய சிக்கல். விலா எலும்புகளை விலக்கும்போது ஒட்டி ஓடும் நரம்புகள் நசுங்குகின்றன. காலென்றால் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைந்தே ஆகணும். வலிக்குப் பயந்து நோயாளி அரைமூச்சு விடுவார், இரும மாட்டார். சளி தங்கி நிமோனியா வரும். ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்று இங்கே சொல்வது ஆபத்து.

அப்போ மருந்தை எங்கே போடுவது? இன்ஜினியர் புத்திக்குப் பிடித்த கேள்வி.

1921-இல் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹெஸ், முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே உள்ள இடுக்கில் மரத்துப்போகும் மருந்து செலுத்துவதைப் பற்றி எழுதினார். இன்று நாம் எபிடியூரல் என்பது இதைத்தான். ஸ்பானிய மொழியில் இருந்ததால் வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை; 1923-இல் கார் விபத்தில் இறந்தும் போனார். 1931-இல் இத்தாலியின் தொலியோத்தி எழுதியபோதுதான் உலகம் கவனித்தது. (தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான கதை.) 1947-இல் ஹவானாவில் மார்டினெஸ் குர்பெலோ அந்த இடுக்கில் மெல்லிய குழாயையே விட்டுவைத்து, தொடர்ந்து மருந்து கொடுத்தார்.

அபின் மறுபடி கதைக்குள் வருவது 1979-இல். அதிலிருந்து எடுக்கும் மார்பின், முதுகுத்தண்டிலேயே வேலை செய்யும் என்று அதற்குள் தெரிந்திருந்தது. இஸ்ரேலில் பெஹார் குழுவினர் பத்துப் பேருக்கு அந்த இடுக்கில் வெறும் 2 மில்லிகிராம் செலுத்தினார்கள். வலி மணிக்கணக்கில் அடங்கியது.

இன்று மேல்முதுகில் குழாய் வைத்து, மரத்துப்போகும் மருந்தோடு மார்பினின் செயற்கை உறவான ஃபென்டனிலைக் கலந்து, பம்ப் வழியாகக் கொடுக்கிறார்கள். குறைகளும் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் கட்டும். அதனால் ஒரு பக்க நரம்புகளை மட்டும் மரக்கவைக்கும் முறையும் பரவிவருகிறது.

2008 முதல் மலேசிய அரசு மருத்துவமனைகளில், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போலவே வலியையும் 0 முதல் 10 வரை கேட்டு எழுதும் முறை வந்தது. நெஞ்சு அறுவை முடிந்தவர் சும்மா படுத்திருக்கும்போது ‘ரெண்டு’ என்பார். இருமச் சொல்லிவிட்டுக் கேட்கணும்.