பறங்கிப்பட்டையும் தானே ஆறும் புண்ணும்

மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை இன்னைக்கும் கிடைக்குது. பேர்தான் பட்டை; உண்மையில் சீனப் பக்கத்துக் கொடி ஒன்றின் கிழங்கு. 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் போர்ச்சுக்கீசியர் குடியேறினார்கள். பறங்கி என்பது நம்மூரில் அவர்களுக்கு வைத்த பேர். அதே நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' சிபிலிஸை 'பிரங்க ரோகம்' என்கிறது. மருந்து, பாதரசமும் இந்தக் கிழங்கும்.

பாவமிஸ்ரர் அந்த நோயை வெளியே தெரிவது, உள்ளே மூட்டுகளில் வலிப்பது, இரண்டும் கலந்தது என்று மூணாப் பிரிக்கிறார். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் இது நல்ல கவனிப்பு!

ஆனா கிழங்கு வேலை செஞ்சுதா? இங்கேதான் நோயின் போக்கைப் பார்க்கணும். தொற்றி சுமார் 3 வாரத்தில் (10 முதல் 90 நாள் வரை ஆகலாம்) வலியில்லாத ஒரு புண் வரும். மருந்தே இல்லாம 3 முதல் 6 வாரத்தில் ஆறிடும். சில வாரம் கழிச்சு உடம்பில் தடிப்பு. உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும், பெரும்பாலும் அரிக்காது. அதுவும் தானாவே மறையும். பிறகு வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது. சிலருக்கு மட்டும் இதயம், மூளை, நரம்பு என்று திரும்பி வரும். அதனால் புண் இருந்த நேரத்தில் எதைக் கொடுத்தவரும் 'குணமாக்கியவர்' ஆனார். கிழங்கின் புகழுக்குப் பாதிக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன்.

ஆங்கிலேயர் ஆட்சியும் இதே குழியில்தான் விழுந்தது. 1868 தொற்றுநோய்ச் சட்டப்படி பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, பரிசோதித்து, 'லாக்' ஆஸ்பத்திரியில் அடைச்சாங்க. பரங்கிமலை கண்டோன்மென்டிலும் ஒண்ணு இருந்தது. சிப்பாய்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. கண்ணால் பார்க்கிறதுதான் பரிசோதனை. புண் ஆறிட்டா எதை வெச்சு நோயைக் கண்டுபிடிக்கிறது? 1888ல் சட்டம் ரத்தானது. கிருமி தெரிந்தது 1905ல், ரத்தப் பரிசோதனை 1906ல். பென்சிலின் இந்த நோய்க்கு வேலை செய்யும்னு தெரிய 1943 ஆச்சு.

இலங்கையில் 'பறங்கி' என்றால் வேறு நோய்: யாஸ். ஆனா அதன் கிருமி சிபிலிஸ் கிருமியின் நெருங்கிய உறவு, வழக்கமான ரத்தப் பரிசோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. பேர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியலை.

இப்போ தி.நகரிலோ அடையாறிலோ கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரும் லேப் சீட்டில் 'விடிஆர்எல்' என்று ஒரு வரி இருக்குமே, அது இதுக்குத்தான். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே குழந்தைக்குப் போகும். ஆரம்ப நிலையில் தெரிஞ்சா பெரும்பாலும் ஒரே ஒரு பென்சிலின் ஊசி.