கிணற்றிலிருந்து எழுந்த நாடு: கொங்கின் நிலமும் பொருளியலும்

தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மாதங்களில் பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் காற்று மட்டும்தான் வந்து சேரும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியே குளிர்ச்சி வருகிறது, மேகம் வருகிறது, மழை வருவதில்லை. கோவைச் சமவெளி மழைமறைவுப் பகுதி. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தொடுவதே பெரிது. கடலும் இல்லை, காவிரிப் படுகையைப் போன்ற வண்டல் விரிவும் இல்லை. தமிழகத்தின் ஊரகப் பொருளியலை 1880 முதல் 1955 வரை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பேக்கர், ஆற்றுப் படுகைகள், சமவெளிகள் என்று பிரித்தபின், இரண்டிலும் அடங்காத மூன்றாவது வட்டாரமாகக் கொங்கு நாட்டைத் தனியே வைத்தார். அந்தப் பிரிப்பு சரியானது என்பதே என் கருத்து. கொங்கின் செல்வம் கணவாய் திறந்துவிட்ட வழியிலும், நிலத்தடி நீரை மேலே இழுத்த உழைப்பிலும் பிறந்தது. அந்த வளர்ச்சியின் கணக்கில் ஆற்றையும் கிணற்றையும் சேர்க்காமல் எழுதும் வரலாறு முழுமையாகாது.

முதலில் வழி. ஈரோடு மாவட்டத்தில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டோர் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளின் எச்சங்களும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. கார்னீலியன் கல்லோ குஜராத்திலிருந்து வந்தது. துளையிட்டு முடித்த மணிகளோடு பாதியில் உடைந்தவையும் துளை போடாதவையும் கலந்து கிடைத்திருப்பதால், வெறும் சந்தையாக இல்லாமல் மணி செய்யும் ஊராகவே அது இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். மேற்குக் கரை முசிறிக்கும் சேரர் தலைநகர் கரூருக்கும் இடைப்பட்ட பெருவழியில் இந்த ஊர் அமைந்திருந்தது. வெள்ளலூர், கத்தாங்கண்ணி, பொள்ளாச்சி ஆகிய இடங்களில் ரோமானிய நாணயங்கள் கிடைத்ததும் இந்த வழியால்தான்.

அடுத்து நீர். ஆற்று நீரைத் திருப்பிய முயற்சிகளும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பவானியில் அணை கட்டி வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. நொய்யலை நம்பிய குளங்களும் பழமையானவை. ஆனால் இவை எட்டிய நிலம் கொஞ்சம். மிச்சத்தில் ஒரு பங்கு கொறங்காடு. கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளரும் அந்த மேய்ச்சல் காடுகளில் காங்கேயம் மாடுகள் வளர்ந்தன. உழுது பயிர் செய்த நிலத்துக்குக் கிணறுதான் கதி.

அந்த மாடும் கிணறும் சேர்ந்ததே கவலை இறைப்பு. கிணற்று மேட்டில் நட்ட கால்களுக்கு நடுவே உருளை சுழலும். தோலால் ஆன சால் தண்ணீருக்குள் இறங்கும். பூட்டிய காளைகள் சரிவில் இறங்க, ஓட்டுபவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சால் மேலே வந்ததும் வால் கயிறு இழுபட்டு, தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு காளைகள் பின்னோக்கியே மேடேற வேண்டும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே வேலை. கிணறு ஆழமானால் இறைக்கும் நேரம் கூடும், பாயும் நிலம் சுருங்கும். எத்தனை ஏக்கர் பயிர் வைப்பது என்பதைக் காளைகளின் தெம்புதான் முடிவு செய்தது.

1862-இல் போத்தனூர் வழியாக ரயில் மேற்குக் கரையை எட்டியபோது பழைய பெருவழிக்குத் தண்டவாளம் கிடைத்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தோசீனாவிலிருந்து வந்த கம்போடியா பருத்தி இங்கிருந்த உப்பம், நாடன் வகைகளைப் பின்னுக்குத் தள்ளியது. கம்போடியாவின் இழை நீளம், விலை அதிகம். ஆனால் நல்ல விளைச்சலுக்கு இறவைப் பாசனம் வேண்டும். கிணறு வெட்டக் கைமுதல் இருந்தவர்களிடம் பருத்திப் பணம் சேர்ந்தது, அந்தப் பணம் ஆலைகளுக்குப் போனது. 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்லுக்குப் பின்னால் இந்தத் தோட்டத்து மூலதனத்தின் கதை இருக்கிறது.

உண்மையான திருப்பம் 1932. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. உலகம் பொருளாதார மந்தத்தில் தவித்த அந்தப் பத்தாண்டில் கோவையில் ஆலைகள் வரிசையாக எழுந்தன. இதைத் தொழிலதிபர்களின் துணிச்சலாக மட்டும் எழுதுவது வழக்கம். துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மலையில் பெய்த மழை மின்சாரமாகி, மழை பெய்யாத சமவெளிக்குக் கம்பி வழியே இறங்கியதை முதலில் சொல்ல வேண்டும். அதே கம்பி தோட்டத்துக் கிணற்றுக்கும் போனது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்தார்கள். ஆலை இயந்திரங்களைப் பழுது பார்த்த கைகள் பம்பு வார்க்கப் பழகின. கவலை ஓய்ந்தது, ஆழத்துக்கு இருந்த எல்லையும் போனது.

அதன் பிறகு மின்சாரமே அரசியல். 1970 ஜூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தின்போது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தனர். விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-இல் மாட்டு வண்டிகள் கோவையின் தெருக்களை அடைத்தன. பின்னர் உழவுக்கு மின்சாரம் இலவசமானது. அது நியாயமான வெற்றி. அதே சமயம் ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடி இறங்கவும் அது வழி செய்தது. மேற்கே பாயும் ஆறுகளைக் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் பொள்ளாச்சியையும் உடுமலையையும் ஓரளவு காத்தது. டாப்சிலிப்பும் வால்பாறையும் பார்க்கப் போகிறவர்கள் ஆழியாறு அணையில் நிற்கும்போது பார்ப்பது இந்தத் திருப்பத்தைத்தான்.

திருப்பூர் பின்னலாடை இந்தத் தொடரின் அடுத்த கண்ணி. உழவுக் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்தவர்கள் முதலாளிகளான விதத்தை சரத் சாரி 2004-இல் வெளியான தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சாயக் கழிவோ நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. கீழே இருந்த விவசாயிகள் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கொங்கின் வரலாற்றில் இதைவிட வேதனையான கோரிக்கை எனக்குத் தெரியவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே கழிவுநீரை முழுதாகச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. கொடுமணல் அதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி வழியும் பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் மேலே தள்ளுகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது இலக்கு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் கேட்டு வந்த திட்டம் இது. இங்கே மோட்டார் நிலத்தடியை உறிஞ்சுவதற்குப் பதிலாக, நிலத்தடிக்கு நீரைத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறது.