மலையில் காய், கீழே கணக்கு

போடி ஊருக்குள் ஏலச்செடி கிடையாது. ஏலக்காய் நகரம் என்று பேர் எடுத்த ஊர்தான். ஆனால் செடியில் பெரும்பகுதி போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, பூப்பாறை, சாந்தம்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கம் நிற்கிறது. போடிக்கு இறங்கி வருவது மூட்டையும் அதன் கணக்கும். மூட்டை சில நாளில் வடக்கே லாரி ஏறிவிடும். கணக்கு இங்கேயே தங்கிவிடும். அதை எங்கே வைப்பது என்பது இந்த ஊர் மண்டிகளுக்குப் பழைய தலைவலி. சிட்டை எழுதும் பையனாகச் சேர்ந்து, இன்று அதே மண்டியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். அந்தத் தலைவலியின் வரலாறு எனக்கு ஓரளவு தெரியும்.

மலையை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டில் ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. காய் ஆலப்புழைக்குப் போய் அங்கே விலையானது. இன்றும் தரச்சீட்டில் ‘ஆலப்பி கிரீன்’ என்று எழுதுவது அந்தக் காலத்தின் மிச்சம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தோட்டம் அந்த மாநிலத்தில், மண்டியும் முதலும் பல தோட்டக்காரர்களின் வீடும் இந்த மாநிலத்தில் என்றாகிவிட்டது. மெட்டு இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் எல்லை தாண்டிய சரக்கு. ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். 1965-இல் ஏலக்காய்ச் சட்டம் வந்தது. 1986-இல் போட்ட சட்டப்படி மறு ஆண்டு ஸ்பைசஸ் போர்டு அமைந்தது. ஏலம் நடத்துபவருக்கும் வாங்கும் வியாபாரிக்குமான லைசென்ஸ் விதிகளும் 1987-இல் வந்தன. கணக்கு அதோடு இன்னும் பெருத்தது.

பேரேட்டில் ஒரு லாட்டுக்கு ஒரு வரி: தோட்டக்காரர் பேர், மூட்டை, எடை, தரம், விலை, வாங்கியவர். பார்க்கச் சின்ன வரி. அந்தத் ‘தரம்’ என்ற கட்டத்துக்குப் பின்னால் நிற்கும் வேலை பெரிது. காய் உலர்த்தும் மலை ஸ்டோரில் ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் காய்ந்து 1 கிலோ ஆகிறது. சூடு கூடினால் நிறம் போகும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். கீழே வந்ததும் சாம்பிள் தட்டில் வியாபாரி நாலு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார். ஒன்றை நகத்தால் கீறி, விதை கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற காய்க்கு ஒரு விலை, கீழே விழுந்த காய்க்கு வேறு விலை. இத்தனையும் முடிந்து பேரேட்டில் ஏறுவது இரண்டெழுத்து.

பேரேடுகள் பரணில் ஏறின. எங்கள் தொழிலில் வருஷமும் இரண்டு. வருமான வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஏலக்காய்க்கு ஆகஸ்ட் முதல் ஜூலை வரை. அதனால் ஒரே சீசனின் கணக்கு இரண்டு வரி ஆண்டுகளில் பிரிந்து கிடக்கும். ஒன்றைத் தேடினால் இரண்டு கட்டை அவிழ்க்க வேண்டும். பரண் நிறைந்தால் பக்கத்தில் இன்னொரு பலகை அடிப்போம். ஆனால் பலகை அடிக்கும் முன் எங்கள் கணக்குப்பிள்ளை கட்டுகளை இறக்கச் சொல்லி, ஆயுத பூஜை ஒட்டி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பிரிப்பார். எடைக்குப் போவது ஒரு பக்கம், ஏறுவது ஒரு பக்கம். “இடம் இருக்குன்னு வைக்கக் கூடாது தம்பி, நாளைக்கு யாராவது கேட்பாங்களான்னு பார்த்து வைக்கணும்” என்பார்.

கேட்பார்கள் என்பதற்கு மலையே சாட்சி. ஏலமலைக் காப்புக்காடு பற்றிய 1897-ஆம் ஆண்டு அறிவிப்பில் இருப்பது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முன்னால் ஒரு 2 உண்டா இல்லையா என்பதில் எத்தனையோ தோட்டங்களின் தலையெழுத்து தொங்குகிறது. பழைய காகிதம் ஒன்றின் மதிப்பை அதைவிடச் சொல்ல முடியாது.

2007-இல் போடியில் மின்னணு ஏலம் வந்தது. அதுவரை வாயால் கேட்ட விலை, திரையில் எண்ணாக ஏறியது. மண்டிகளும் வேகமாகக் கம்ப்யூட்டருக்கு மாறின. எங்கள் முதல் மெஷினில் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். சாகும்வரை போதும் என்று நினைத்தோம். பில்லை ஸ்கேன் செய்யத் தொடங்கியதும் அது நிறைந்தது. இடம் கூட்டுவது அன்று உடல் வேலை: மெஷினை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, ஏலத்தூசியைத் துடைத்து, புது டிஸ்கைத் திருகி, கேபிள் சொருக வேண்டும். சீசனில் கடையை நிறுத்த முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் ராத்திரியில்தான் நடக்கும்.

இன்று பில்கள் இருப்பது வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் கணினியில். எங்கோ ஒரு தரவு மையத்துப் பெரிய சர்வருக்குள் பலருக்கும் ஆளுக்கொரு கணினி இருப்பதாகக் காட்டும் ஏற்பாடு அது. புதிய யோசனையும் அல்ல. ஐபிஎம் 1972-இல் விஎம்/370-ஐ அறிவித்தபோதே இது இருந்தது. சுமார் 100 மெகாபைட் கொள்ளும் 3330 டிஸ்கைத் துண்டு போட்டு, ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு ‘மினிடிஸ்க்’ கொடுத்தார்கள். அது தன்னிடம் முழு டிஸ்க் இருப்பதாகவே நம்பும். கூடுதல் இடம் கேட்டால் நிர்வாகி பயனர் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார், அவ்வளவுதான். இடம் கூட்டுவது அன்றைக்கே திருப்புளி வேலையிலிருந்து பதிவு வேலையாக மாறிவிட்டது. சாதாரண பிசிக்கு இதை 1999-இல் விஎம்வேர் கொண்டுவந்தது. 2008-இல் அமேசான் டிஸ்கை மட்டும் தனியாக வாடகைக்கு விட ஆரம்பித்தது.

சென்ற சீசனில் நான் செய்ததும் பதிவு வேலைதான். வாடகைக் கணக்கில் 200 ஜிபி என்று குறித்து, எங்கள் மெஷினோடு இணைத்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ‘விடிபி’ என்று புதுப் பேர் ஒன்று முளைத்திருந்தது. ஆனால் பில் வைக்க ஒரு பைட் கூடக் கூடியிருக்கவில்லை. அதில் எக்ஸ்டி4 கோப்பு அமைப்பைப் போட்டு, ஒரு ஃபோல்டரில் பொருத்தினால்தான் இடம் கைக்கு வரும். அதோடு எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் ஃபோல்டர் காலியாகத் தெரியும். பில்கள் டிஸ்கில் பத்திரமாக இருக்கும், போகும் வழிதான் இருக்காது. அந்த வரியிலும் ‘விடிபி’ என்ற பேரை நம்பக் கூடாது, இன்னொரு டிஸ்க் வந்தால் பேர் இடம் மாறலாம். டிஸ்கின் மாறாத அடையாள எண்ணைத்தான் எழுத வேண்டும். பழைய டிஸ்கையும் புதியதையும் எல்விஎம் என்ற ஏற்பாட்டின் மூலம் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கவும் வழி உண்டு. ஆனால் இரண்டில் ஒன்று கெட்டால் மொத்தமும் போகும் என்பதால், நகல் எடுக்காமல் அதில் கை வைக்க மாட்டேன்.

இன்னொரு சங்கதியும் இதில் இருக்கிறது. 200 ஜிபி என்று எழுதியதால் அங்கே 200 ஜிபி ஒதுங்கி நிற்கிறது என்று அர்த்தமில்லை. பல இடங்களில் எழுத எழுதத்தான் உண்மையான டிஸ்கிலிருந்து இடம் பிரிந்து வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் நிரப்ப மாட்டார்கள் என்ற தைரியத்தில், இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுப்பார்கள். வராத காய்க்கு முன்பணம் வாங்கிய தோட்டக்காரரை அறிந்த போடிக்காரனுக்கு இது சட்டென்று விளங்கும். மகசூல் வந்தால் எல்லாருக்கும் நிம்மதி. மழை பொய்த்தால், 2019 ஆகஸ்டில் நடந்ததுபோல, மலைமேல் இருக்கும் புத்தடியின் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொடும். அப்போது கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் காய் இருக்காது.

2021 தொடக்கத்தில் ஸ்பைசஸ் போர்டின் ஏலமே மேகக் கணினிக்கு மாறியது. புத்தடியில் நடக்கும் ஏலத்தில் போடியில் உட்கார்ந்தும், போடி ஏலத்தில் புத்தடியிலிருந்தும் விலை கேட்கலாம் என்றாயிற்று. மெட்டு ஏறி இறங்கும் அலைச்சல் குறைந்தது. இது நல்ல மாற்றம்.

போனது பிரிக்கும் நாள். பரண் நிறைந்தால் பலகைக்குச் செலவு, ஆசாரிக்குக் கூலி. அதனால் முதலில் பிரித்துப் பார்த்தார்கள். இப்போது இடம் ஒரு வரியில் கிடைப்பதால் யாரும் எதையும் பிரிப்பதில்லை. ஒரே பில்லின் மூன்று ஸ்கேன், சாம்பிள் தட்டின் மங்கலான போட்டோ, முடிந்துபோன வண்டியின் இ-வே பில் என எல்லாவற்றுக்கும் மாத வாடகை கட்டுகிறோம். தேவையானது அவற்றுக்கு நடுவில் புதைந்துபோகிறது. ஜிஎஸ்டி சட்டம் கேட்பது ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டியது தோட்டவாரியாகத் தரமும் எடையும் விலையும். எந்த மேட்டுக் காய் எந்த வருஷம் எப்படி இருந்தது என்பதை அது மட்டுமே சொல்லும். அந்தப் பேரேடு ஒரு பென்டிரைவில் அடங்கும். அதனால் எங்கள் மண்டியில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: டிஸ்க் 80 சதவீதம் நிறைந்தால் முதலில் பிரிப்பது, பிறகுதான் கூட்டுவது. முதலாளிக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. வாடகை பில் குறைந்ததில் இருக்கிறது.