கேஸ் பிடிக்கும் அரசு

எங்கள் தெருவில் என் பெரியம்மா தலைமுறைப் பெண்கள் யாரும் 'குடும்பக் கட்டுப்பாடு' என்று முழுதாகச் சொல்லமாட்டார்கள். "ஆப்ரேசன் பண்ணிக்கிட்டேன்" என்பதுதான் பேச்சு. பெரியம்மா ஒருமுறை சொன்னார்: "நர்ஸம்மாவுக்கு அந்த மாசம் ரெண்டு கேஸ் குறைஞ்சிருச்சு. அழுதுக்கிட்டு வந்து நின்னுச்சு. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போனோம்."

முதுகலை வகுப்பில் 'செயல்திறன் மேலாண்மை' பாடம் நடந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த வாக்கியம்தான். இலக்கு நிர்ணயி, அளவிடு, ஒப்பிடு, சாதித்தவருக்குப் பரிசு, தவறியவருக்குத் தண்டனை. பாடப்புத்தகம் இதையெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளிலிருந்து தொடங்கும். நம் நாட்டில் இந்த முறை முழுவேகத்தில் ஓடிய இடம் எது என்று கேட்டால், ஏழைகளின் உடல் என்றுதான் நான் சொல்வேன், தோழர்களே. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கருத்தடைக்கு எதிரான கட்டுரை அல்ல இது. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசே மக்களுக்குச் செய்துதர வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. அண்ணல் அம்பேத்கர் தயாரித்த உரையை அவர் சார்பில் பி.ஜே. ரோஹம் அவையில் வைத்தார். தீர்மானம் தோற்றது. இங்கே பெரியார் அதற்கும் முன்பே கர்ப்பத்தடை பற்றி எழுதியிருந்தார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பிரித்துக் காட்டியவர் அவர். இரண்டு பேருமே கேட்டது வசதியை. முடிவு மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

அரசு கையில் எடுத்தபோது பேச்சின் தொனி மாறியது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி. மூன்று பிள்ளை பெற்ற பிறகும் ஒரு பெண் பிள்ளை பெற்றால் அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'பொறுப்பற்ற தாய்மை' என்று சொல்லலாம். குற்றவாளி யார் என்பது அந்தச் சொல்லிலேயே முடிவாகிவிட்டது. அவர் பிறகு சென்னை மாகாணத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1956 முதல் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் முறை இங்கேதான் தொடங்கியது. போக்குவரத்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடு என்று காரணம் சொன்னார்கள். பிறகு ஆள் அழைத்து வருபவருக்கும் தனியே காசு வந்தது. 'கேஸ்' என்ற சொல்லுக்கு விலை ஒட்டப்பட்டது அப்போதுதான். சமூகநீதியில் முன்னோடி என்று நாம் பெருமைப்படும் மண் இதிலும் முன்னோடி.

1966-இல் மத்திய அரசில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று தனித்துறை வந்தது. டெல்லி ஓர் எண்ணைப் போடும், மாநிலம் அதை மாவட்டங்களுக்குப் பிரிக்கும், மாவட்டம் வட்டாரத்துக்கு, வட்டாரம் செவிலியருக்கு. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 63,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசெக்டமி செய்தார்கள். பணமும் பரிசுப்பொருளும் உண்டு, திருவிழாபோல் நடந்தது என்கிறார்கள். நாடு முழுவதும் அதை முன்மாதிரியாகக் காட்டினார்கள். அந்த முகாமில் போதுமான மருத்துவ ஏற்பாடுகளாவது இருந்தன. மற்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது எண்ணிக்கை மட்டும்தான்.

பிறகு நெருக்கடி நிலை. 1976 ஏப்ரலில் வந்த மக்கள்தொகைக் கொள்கை, மாநிலத் திட்டங்களுக்கான மத்திய உதவியில் 8 விழுக்காட்டைக் குடும்பக் கட்டுப்பாட்டுச் 'சாதனை'யோடு கட்டிப்போட்டது. அதை வெளியிட்ட அமைச்சர் கரண் சிங்தான், இரண்டே ஆண்டுகளுக்கு முன் புக்காரெஸ்ட் மாநாட்டில் வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்ற பொருளில் பேசியவர். (தொகுதி மறுவரையறை பற்றி இன்று நாம் போடும் சண்டையின் வேரும் இந்தக் கொள்கையில்தான் இருக்கிறது. மக்களவை இடங்களை 1971 கணக்கின்படி உறையவைக்கச் சொன்னது இதுவே.)

அந்த ஆண்டுக்கான இலக்கு சுமார் 43 இலட்சம். நடந்த அறுவைகள் 80 இலட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய இரண்டு மடங்கு! எந்த மேலாளரும் கைதட்டும் எண். எப்படிச் சாதித்தார்கள் என்பது ஷா ஆணையத்தின் அறிக்கையில் இருக்கிறது. ஆசிரியர்களுக்குக் கோட்டா வைத்தார்கள், முடிக்காதவர்களின் சம்பளத்தை நிறுத்தினார்கள், பதவி உயர்வைப் பிடித்து வைத்தார்கள். திருமணம் ஆகாதவர்களுக்குச் செய்ததாக 548 புகார்கள். தொடர்புடைய இறப்புகள் 1,774. 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தை விடியற்காலையில் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிச் சென்றது.

நான் அதிகம் யோசிப்பது உட்டாவரைப் பற்றிக்கூட அல்ல, டெல்லியின் 'வெல்கம்' குடியிருப்பைப் பற்றி. எம்மா டார்லோ என்ற மானுடவியலாளர் அங்கே ஆய்வு செய்து 2003-இல் நூலாக்கினார். குடிசைகளை இடித்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு மாற்று மனை வேண்டும். மனைக்குக் கருத்தடைச் சான்றிதழ் வேண்டும். நீங்களே செய்துகொள்ளலாம், அல்லது வேறொருவரை அழைத்து வந்து 'தூண்டியவர்' என்று பெயர் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் காசு வைத்திருந்தவர்கள் தங்களைவிட ஏழையைத் தேடிப் பிடித்துப் பணம் கொடுத்தார்கள். காசில்லாதவர் தன் உடலைக் கொடுத்தார். துப்புரவுப் பணியாளர், பியூன் போன்ற கடைநிலை அரசு ஊழியர்கள்மீது அலுவலகத்திலேயே நெருக்கடி வந்தது. மாதச் சம்பளம் வரும் ஒரே வேலையை எவர் இழக்கத் துணிவார்?

இதைச் சாதி அடுக்கின் கண்ணால் பாருங்கள். பிரதமர் வீட்டில் தொடங்கிய அழுத்தம் முதலமைச்சருக்கு, கலெக்டருக்கு, ஆசிரியருக்கு, பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் தெருவுக்கு. ஒவ்வொரு படியிலும் இருப்பவர் அதைத் தனக்குக் கீழே இருப்பவர்மேல் இறக்கி வைக்கிறார். கீழே இறக்க ஆளில்லாதவர் உடலில் அது கத்தியாக முடிகிறது. ஏணிப்படியாகச் சுமை இறங்கும் சமூகத்தை அம்பேத்கர் நமக்கு விளக்கியிருக்கிறார். இலக்கு முறை அந்த ஏணியைப் புதிதாகக் கட்டவில்லை, இருந்ததில் ஏறி இறங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பணக்கொள்கை பற்றிய கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஓர் அளவுகோலைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கினால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும். மேலாண்மை மாணவர்கள் இன்றும் அவர் பெயரால் ஒரு விதி படிக்கிறார்கள். அவர் அதை எழுதிய ஆண்டு 1975. நம் ஊரில் நெருக்கடி நிலை அறிவித்த அதே ஆண்டு.

1977-இல் இந்திரா காந்தி தோற்றார். வட இந்தியாவில் ஆண்களின் கோபம் வாக்காக மாறியது. அரசு பாடம் கற்றது உண்மைதான், ஆனால் எந்தப் பாடம்? ஆண்களைத் தொட்டால் ஆட்சி போகும் என்ற பாடம். 1976-77-இல் நடந்தவற்றில் பெரும்பகுதி வாசெக்டமி. அதன்பின் சுமை பெண்கள்மேல் ஏறியது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி பெண் கருத்தடை அறுவை 37.9 விழுக்காடு, ஆண் 0.3 விழுக்காடு. என் பெரியம்மா போனது இந்தக் காலத்தில்தான்.

1994 கெய்ரோ மாநாட்டுக்குப் பிறகு, பெண்கள் இயக்கங்களின் போராட்டத்தாலும், 1996 ஏப்ரலில் இலக்குகளைக் கைவிடுவதாக மத்திய அரசு அறிவித்தது. காகிதத்தில் இலக்கு போய், 'எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு' வந்தது. பெயர் மாற்றினால் போதும் என்று நினைப்பது நம் அதிகார வர்க்கத்தின் பழைய பழக்கம்.

2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், பெஞ்சுகளின்மேல், டார்ச் வெளிச்சத்தில், இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே மூடிக்கிடந்த ஒரு தனியார் மருத்துவமனையில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். ஒரு நாளைக்கு 30-க்கு மேல் கூடாது என்பது அரசின் சொந்த விதி. அந்த மாவட்டத்தில் அந்த நாட்களில் நடந்த முகாம்களுக்குப் பிறகு 13 பெண்கள் இறந்தார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் பெண்கள். அவர்களில் ஒருவர் பைகா பழங்குடி. பைகாக்களுக்குக் கருத்தடை அறுவை செய்யக்கூடாது என்று 1979-லேயே அரசாணை இருந்தது. காரணம் மருந்தா, கிருமித்தொற்றா என்று நீண்ட விவாதம் நடந்தது. நான் அதற்குள் போகவில்லை. அந்த மருத்துவருக்கு அதே ஆண்டு குடியரசு தினத்தன்று மாநில அரசு விருது கொடுத்திருந்தது, 50,000 அறுவைகள் செய்து முடித்ததற்காக! அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அராரியா கொடுமையை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் தேவிகா பிஸ்வாஸ். 2010 முதல் 2013 வரை கருத்தடை அறுவையின்போதும் அதன் பிறகும் 363 இறப்புகள் என்ற அரசின் கணக்கு அந்த வழக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2016 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையை நிறுத்தச் சொன்னது. மறைமுக இலக்குகளும் கூடாது என்றது.

இதைப் படித்துவிட்டு எண்களே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் எனக்கு உடன்பாடில்லை. நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை, துணைத்திட்ட நிதி எங்கே திருப்பிவிடப்பட்டது, வன்கொடுமை வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்று நாமும் எண்களைத்தான் கேட்கிறோம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் சட்டம் வந்தது. 2007-க்குள் ஒழிப்போம் என்று கெடு வைத்தார்கள், தள்ளிப்போட்டார்கள், 2013-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். அந்தக் கெடு தவறியதற்காக எந்தக் கலெக்டரின் சம்பளமாவது ஒரு மாதம் நின்றதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

களப்பணியில் நான் பழகிய கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர், அவரும் நம் சேரியிலிருந்து படித்து வந்தவர், தன் பதிவேடுகளை எனக்குக் காட்டினார். "இப்பல்லாம் டார்கெட் கிடையாது தம்பி. ஆனா மீட்டிங்ல எழுப்பி நிக்கவெச்சு கேப்பாங்க" என்றார். அன்று மாலை அவருக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி இருந்தன. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.