முதலில் திரை, பிறகு மெஷின்

வீட்டில் ஓர் அறையைத் தியேட்டராக மாற்ற நினைக்கிறவர்கள், "எந்த புரொஜக்டர் வாங்கலாம்ண்ணே?" என்றுதான் என்னிடம் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். திரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சுவரிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. டூரிங் டாக்கீஸிலும் பிறகு டவுன் தியேட்டரிலும் கேபினில் நின்றவன் நான். நம் ஊரில் சினிமா வந்த காலம் தொட்டே திரைக்கு இந்தக் கதிதான்.

1905-இல், திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் மெஷினையும் துண்டுப் படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். பிற்பாடு கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அந்தப் பெயர்தான். அவர் வாங்கிய மெஷினைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவர் கட்டிய துணியைப் பற்றி எங்கேயும் படித்ததில்லை. ஜனங்கள் பார்த்தது என்னவோ அந்தத் துணியைத்தான்.

டென்ட் கொட்டகையில் பகல் ஆட்டம் கிடையாது. பக்கமெல்லாம் திறந்து கிடக்கும். பொழுது சாய்ந்தால்தான் படம் தெரியும். இருட்டுதான் திரையின் முதல் தேவை என்பது அந்தக் காலத்துக் கொட்டகைக்காரர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. 1931-இல் 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பித்ததும் ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைக்க வேண்டியிருந்தது. சத்தம் வெளியே வருவதற்காகத் திரை முழுக்கப் பொடிப் பொடியாகத் துளை போட்டார்கள். துளை வழியே கொஞ்சம் வெளிச்சமும் பின்னால் போய்விடும். அதை ஈடுகட்டும் பாடு கேபினுக்கு வந்தது.

கேபின் பாட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு விளக்கு என்றால் கார்பன். எதிரெதிரே இரண்டு குச்சிகள், ரெக்டிஃபையரிலிருந்து டி.சி. கரண்ட். இரண்டையும் தொட வைத்து இழுத்தால் நடுவே தீ பிடித்துக்கொள்ளும். வெறுங்கண்ணால் பார்க்க முடியாது, கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்போம். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும்; திருகைத் திருப்பிக் கிட்டே கொண்டுவர வேண்டும். பின்னால் இருக்கும் கண்ணாடிக்கும் தீக்கும் உள்ள தூரம் மாறினால் படத்தின் ஓரம் பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலம் பாயும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். அந்தப் பதினோரு நிமிஷமும் ஒரு கண் தீயில், ஒரு கண் திரையில். படத்தின் வெண்மை எங்கள் விரலில் இருந்தது.

அப்படிக் காப்பாற்றிய வெளிச்சத்தைத்தான் பெரிய திரை தின்றது. 1973-இல் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்த பிறகு, ஸ்கோப் என்றால் கூட்டம் வந்தது. பல இடங்களில் சுவருக்குச் சுவர் திரையை அகட்டினார்கள். விளக்கு பழைய விளக்கே. வெளிச்சம் பரப்பைப் பொறுத்தது. திரை நீளத்திலும் உயரத்திலும் இரட்டித்தால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கிடைப்பது கால் பங்குதான். 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' 3டி படமாக வந்தபோது வேறொன்று நடந்தது. அந்த 3டி கண்ணாடிக்கு வெள்ளித் திரை வேண்டும். சாதா வெள்ளைத் துணியில் பட்டால் இரண்டு கண்ணுக்கான வெளிச்சமும் கலந்துவிடும். நான் வேலை பார்த்த ஒரு தியேட்டரில் அந்த வெள்ளிப் பூச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். நடுவில் உட்கார்ந்தவருக்குப் பளிச்சென்று இருக்கும், ஓர பெஞ்சுக்காரருக்கு மங்கல். ஒரே காசு கொடுத்து வந்தவர்களுக்கு இரண்டு விதமான படம் காட்டியது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். பிலிம் ஓட்டிய காலத்தில், பிலிம் போடாமல் வெறும் வெளிச்சம் அடித்தால் திரை நடுவே சதுர அடிக்கு சுமார் 16 லூமன் திரும்பி வர வேண்டும் என்பது கணக்கு. 100 அங்குலத் திரை கிட்டத்தட்ட 30 சதுர அடி. 480 லூமன் உண்மையாக வந்து விழுந்தால் இருட்டறைக்குப் போதும். 150 அங்குலம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லூமனை நம்பித் திரையை அகட்டாதீர்கள். இன்னொன்று, எந்த மெஷினாலும் கறுப்பை அடிக்க முடியாது. படத்தில் தெரியும் கறுப்பு, வெளிச்சம் படாத திரைதான். வெள்ளைச் சீலிங்கும் வெள்ளைச் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும். விலை கூடின மெஷினும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. உட்காரும் இடத்தையும் சுவரையும் அளந்து திரையின் அளவை முடிவு செய்யுங்கள். பளபளப்பு இல்லாத நல்ல வெள்ளைத் திரை வாங்குங்கள். சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, திரைக்குப் பக்கத்துச் சுவருக்கும் சீலிங்குக்கும் அடர்ந்த நிறம் பூசுங்கள். மிச்சம் இருக்கும் பணத்துக்கு மெஷின் பாருங்கள்.