தட்டினாலும் தெரியாத எழுத்து

கம்ப்யூட்டர் திரை பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாஸ்வேர்ட் வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே எந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆளுக்கொரு கோப்புத் தொகுப்பு என்றானதும் ஆளுக்கொரு பூட்டும் தேவைப்பட்டது. அன்றைய டெர்மினல் கிட்டத்தட்ட ஒரு தட்டச்சுப் பொறிதான், டெலிடைப், ஐ.பி.எம். 1050 போன்றவை. தட்டுவதெல்லாம் சுருள் தாளில் மையாகப் பதியும். வேலை முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துப் போவார்கள், அல்லது மேசையிலேயே விட்டுப் போவார்கள், அல்லது குப்பைக் கூடையில் போடுவார்கள். எங்கே போனாலும் பாஸ்வேர்டும் அதோடு போகும்.

ஆகவே சி.டி.எஸ்.எஸ்.ஸில் ‘லாகின்’ கட்டளை கொடுத்து, பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் வந்ததும், முடிந்த டெர்மினல்களிலெல்லாம் அச்சடிக்கும் பகுதியைக் கம்ப்யூட்டரே நிறுத்திவைத்தது. விசை அமுங்கும், தாளில் ஒன்றும் விழாது.

எல்லா டெர்மினலும் இப்படிச் சொன்னபடி கேட்கவில்லை. 1965இல் வந்த ஐ.பி.எம். 2741, செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறியிலிருந்து உருவானது. விசையை அமுக்கினால் கோல்ஃப் பந்து அளவுள்ள எழுத்துருண்டை சுழன்று வந்து தாளில் அடித்துவிடும். தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டரின் சம்மதத்துக்கு அது காத்திருக்காது. அச்சைத் தடுக்க முடியாத இத்தகைய டெர்மினல்களுக்கு மல்டிக்ஸ் போன்ற அமைப்புகள் ஓர் உபாயம் கண்டன. பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன் கம்ப்யூட்டரே ஒரு வரியில் சில எழுத்துகளை அடிக்கும். தாளை மேலே தள்ளாமல் உருண்டையை மட்டும் திரும்ப இழுத்து, அதே இடத்தில் வேறு எழுத்துகளை அடிக்கும். இப்படி எக்ஸ், எம், டபிள்யூ என்று ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து தாளில் ஒரு கறுப்புப் பட்டை உருவாகும். பயனர் தன் பாஸ்வேர்டை அந்தப் பட்டையின் மேல் தட்டுவார். பாஸ்வேர்ட் தாளில் இருக்கும், ஆனால் யாராலும் படிக்க முடியாது.

இவ்வளவு கவனமும் பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணுக்காக. கசிவோ வேறு பக்கத்திலிருந்து வந்தது. சி.டி.எஸ்.எஸ்.ஸில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதவில்லை. 1962இல் ஒரு துளை அட்டையில் கோப்பின் பெயரை எழுதி, அச்சடித்துத் தரும்படி கொடுத்தார். அது எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பு. கேள்வி கேட்காமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஷெர் இதைக் கால் நூற்றாண்டு கழித்தே வெளியே சொன்னார்.

இன்னொரு சம்பவத்தைக் கொர்பாட்டோவே தன் டியூரிங் விருது உரையில் விவரித்திருக்கிறார். 1960களின் நடுப்பகுதியில் ஒரு நாள், லாகின் செய்த ஒவ்வொருவருடைய டெர்மினலிலும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக மொத்த பாஸ்வேர்ட் பட்டியலும் அச்சாகத் தொடங்கியது. எடிட்டர் மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. ஒரே கணக்கில் இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் பாஸ்வேர்ட் கோப்பையும் அறிவிப்புக் கோப்பையும் திருத்த, இதில் இருந்தது அதற்குப் போய்விட்டது.

வேறு சில டெர்மினல்களில் நிலைமை வேறாக இருந்தது. யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் புழங்கிய டெலிடைப் 33இல் விசைப்பலகையும் அச்சும் தனித்தனியாக இயங்கின. ‘ஏ’ என்று தட்டினால் அந்த எழுத்து முதலில் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் அதைத் திருப்பி அனுப்பினால்தான் அச்சாகும். இந்தத் திருப்பி அனுப்பலுக்குத்தான் எக்கோ என்று பெயர். பின்னால் கண்ணாடித் திரை வந்தபோதும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. இன்றைய லினக்ஸ் டெர்மினல் சாளரமும் இதையே பின்பற்றுகிறது. மறைக்க வேண்டுமென்றால் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. எக்கோவை நிறுத்தினால் போதும்.

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இதற்கென்றே ‘கெட்பாஸ்’ என்ற சிறிய ஃபங்ஷன் இருந்தது. இருபது முப்பது வரிதான், ஆனால் ஒவ்வொரு வரியிலும் முன்யோசனை. வழக்கமான உள்ளீட்டுப் பாதையை விட்டுவிட்டு, டெர்மினலையே நேராகத் திறந்து படித்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடமே கேட்பதற்கு இது வழி. ‘பாஸ்வேர்ட்:’ என்ற கேள்வியைப் பிழைச் செய்திகளுக்கான பாதையில் அனுப்பியது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்தாலும் கேள்வி கண்ணில் படும். பாதியில் யாராவது கன்ட்ரோல்-சி அடித்தால் அதைக் கண்டுகொள்ளவில்லை. எக்கோவை நிறுத்திய நிலையிலேயே புரோகிராம் செத்துவிடக்கூடாது அல்லவா? எட்டு எழுத்துக்கு மேல் வாங்கவும் இல்லை. அன்றைய குறியாக்கத்தின் சாவி 56 பிட். எழுத்துக்கு ஏழு பிட் வீதம் எட்டு எழுத்தோடு அது நிரம்பிவிடும்.

இந்த ஃபங்ஷன் சி மொழிக்காரர்களுக்கு உதவியது. ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது ‘எஸ்டிடிஒய்’ என்ற கட்டளை. முதல் வரியில் ‘எஸ்டிடிஒய் -எக்கோ’, இரண்டாம் வரியில் ‘ரீட்’, மூன்றாம் வரியில் ‘எஸ்டிடிஒய் எக்கோ’. மூன்றே வரி, பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். கெட்பாஸ் யோசித்து வைத்திருந்ததை இது யோசிக்கவில்லை. முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் பயனர் கன்ட்ரோல்-சி அடித்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்; எக்கோ திரும்பி வராது. அதற்குப் பிறகு எதைத் தட்டினாலும் திரையில் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் கண்ணுக்குத் தெரியாமலே ‘எஸ்டிடிஒய் சேன்’ என்று தட்டி என்டர் அடித்து மீண்டார்கள். பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன் ‘ட்ராப்’ வரி ஒன்றை எழுதி, எப்படி வெளியேறினாலும் எக்கோவைத் திரும்பப் போட்டுவிடு என்று ஷெல்லுக்குச் சொல்லிவைப்பது நல்ல ஸ்கிரிப்டுக்கு இலக்கணமானது. பிறகு பேஷ் ஷெல்லில் ‘ரீட் -எஸ்’ வந்து, மூன்று வரியை ஒரு வரியாக்கியது. ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸில் அந்த ‘-எஸ்’ இல்லாததால், எல்லா எந்திரத்திலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளில் பழைய மூன்று வரி இன்னும் உயிரோடு இருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து பாஸ்வேர்டைக் கொடுக்க நினைத்தவர்களைக் கெட்பாஸ் வாசலிலேயே நிறுத்தியது. டெர்மினல் இருக்கும்போது வேறு எதையும் அது நம்பவில்லை. 1990இல் டான் லைப்ஸ் வெளியிட்ட ‘எக்ஸ்பெக்ட்’ ஒரு போலி டெர்மினலை உருவாக்கி, ஆள் உட்கார்ந்து தட்டுவதுபோலவே நடித்தது. கேள்வி வரும்வரை காத்திருந்து பதிலை அனுப்பும். காவல் வேலை செய்தது; அதை ஏமாற்றும் கருவியும் நிர்வாகிகளின் அன்றாடப் பொருளானது.

விண்டோஸ் பேட்ச் கோப்பு எழுதியவர்களுக்கு இந்த வசதிகள்கூட இல்லை. ‘செட் /பி’ கேள்வி கேட்கும், ஆனால் தட்டுவதை அப்படியே காட்டும். கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்துவிடலாம் என்று பார்த்தால், எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒரே நிறம் கொடுப்பதை ‘கலர்’ கட்டளை ஏற்காது. பிழை எண் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். கோப்புகளை நகலெடுக்க வந்த ‘எக்ஸ்காப்பி’யைக்கூட விடவில்லை. தொடங்கும் முன் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் அதன் ‘/டபிள்யூ’ தேர்வைப் பயன்படுத்தி, ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் ‘ஸ்கிரிப்ட்பிடபிள்யூ’ என்ற சிறு உதவிப் பொருள் இருந்தது. அடுத்து வந்த விஸ்டாவில் அது காணாமல் போனது. 2006இல் வந்த பவர்ஷெல்தான் ‘ரீட்-ஹோஸ்ட்’ கட்டளையில் முறையான வழியைத் திறந்தது. அதன் பின் பலருடைய பேட்ச் கோப்புகள் பாஸ்வேர்ட் கேட்பதற்கு மட்டும் பவர்ஷெல்லைக் கூப்பிட்டன.

ஜாவாவின் கதை இன்னும் வேடிக்கை. 2006 டிசம்பர் வரை அதில் எக்கோவை நிறுத்த வழியே கிடையாது. ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் 2004இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று மாற்று வழி சொன்னது. புரோகிராமுக்குள் ‘எரேசர் த்ரெட்’ என்று தனி இழை ஒன்றை ஓட விடு. அது ஓயாமல் ஓர் எழுத்து பின்னால் போய் நட்சத்திரம் அடித்துக்கொண்டே இருக்கட்டும். பயனர் தட்டும் எழுத்து திரையில் விழுந்த கணமே அதன் மேல் நட்சத்திரம் விழும். கம்ப்யூட்டர் வேறு வேலையில் இருந்தால் எழுத்து ஒரு நொடி கண்ணடித்துவிட்டுத்தான் மறையும். ஐ.பி.எம். 2741இன் கறுப்புப் பட்டையை ஏறத்தாழ 40 ஆண்டு கழித்துத் திரையில் செய்து பார்த்த முயற்சி இது. ஜாவா 6 இதற்கு முடிவு கட்டியது. அதன் ‘ரீட்பாஸ்வேர்ட்’ பாஸ்வேர்டை எழுத்து வரிசையாகத் திருப்பிக் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து அழித்துவிட வசதியாக.

மறைப்பதென்றால் மௌனமா, நட்சத்திரமா? யூனிக்ஸ் மரபு மௌனத்தின் பக்கம். எத்தனை எழுத்து என்பதுகூட அடுத்தவருக்குத் தெரியக்கூடாது. முதன்முதலாக லினக்ஸில் நிர்வாகி அதிகாரம் கேட்கும் ‘சுடோ’ கட்டளை கொடுத்து, பாஸ்வேர்ட் தட்டத் தட்ட ஒன்றும் நகராததைப் பார்த்துத் திகைக்காதவர்கள் குறைவு. சுடோவிலேயே ‘பிடபிள்யூஃபீட்பேக்’ என்ற தேர்வைப் போட்டால் நட்சத்திரம் வரும். லினக்ஸ் மின்ட்டும் எலிமென்டரி ஓ.எஸ்.ஸும் அதைத் தாங்களே போட்டுக் கொடுத்தன.

நட்சத்திரம் போடுவது பார்ப்பதற்கு எளிது, எழுதுவதற்கு அல்ல. ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் வாங்க வேண்டும், பேக்ஸ்பேஸ் வந்தால் நினைவிலும் ஓர் எழுத்தைக் குறைத்துத் திரையிலும் ஒரு நட்சத்திரத்தை அழிக்க வேண்டும். பைட் கணக்கில் எண்ணும் ஸ்கிரிப்டில் ‘கி’ என்று தட்டினால் ஆறு நட்சத்திரம் விழும், யூ.டி.எஃப்-8 முறையில் ககரத்துக்கு மூன்று பைட், இகரக் குறிக்கு மூன்று. சுடோவே இந்த இடத்தில் சறுக்கியது. வரி முழுவதையும் ஒரேயடியாக அழிக்கும்போது, திரையில் நட்சத்திரங்களை அழிக்கும் எழுத்துகளை அனுப்ப முடியாமல் போனால், மீதி இடத்தின் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எழுத வேண்டிய இடமோ பழைய இடத்திலேயே நிற்கும். விளைவு, ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதலாம். அந்தத் தேர்வு போட்டிருந்த எந்திரங்களில் சாதாரணப் பயனர் நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்ற இது வழி விட்டது. 2020 ஜனவரியில் 1.8.31 பதிப்பில் ஓட்டையை அடைத்தார்கள்.

2009இல் பயன்பாட்டியல் நிபுணர் யாக்கோப் நீல்சன், மறைப்பதையே விட்டுவிடுங்கள் என்று எழுதினார். தோளுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரும் இல்லை, மறைப்பதால் தட்டுப் பிழைதான் கூடுகிறது என்பது அவர் வாதம். பாதுகாப்பு நிபுணர் ப்ரூஸ் ஷ்னையர் முதலில் ஆமோதித்தார், சில நாளில் பின்வாங்கினார். சச்சரவு முடிந்தபாடில்லை. 2025இல் வந்த பைத்தான் 3.14, தன் கெட்பாஸில் எந்த எழுத்தைக் காட்டலாம் என்று கேட்கும் தேர்வைச் சேர்த்தது. கொடுக்காவிட்டால் பழைய மௌனம்தான்.

மௌனமும் சில சமயம் காட்டிக்கொடுக்கும் என்பதை 2001இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டான் சாங், டேவிட் வாக்னர், ஷுச்சிங் டியன் மூவரும் காட்டினார்கள். தொலைவிலுள்ள எந்திரத்தோடு பேச உதவும் எஸ்.எஸ்.எச். இணைப்பில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு பொதி போகும். எக்கோவாக ஒரு பொதி திரும்பி வரும். எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டவை. ஒட்டுக் கேட்பவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் பொதிகள் போகின்றன, திரும்பி எதுவும் வரவில்லை என்றால், இப்போது பாஸ்வேர்ட் தட்டப்படுகிறது என்று அர்த்தம். விசைகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தால், பாஸ்வேர்டைத் தேடும் வேலை சுமார் 50 மடங்கு சுருங்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எக்கோ நிறுத்தப்பட்டிருக்கும்போது, அர்த்தமில்லாத வெற்றுப் பொதிகளைத் திருப்பி அனுப்பி, எக்கோ வருவதுபோலப் பாவனை காட்டுவது ஓப்பன்எஸ்.எஸ்.எச். மென்பொருளின் பதில்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு அதைவிட அருகிலேயே ஆபத்து உண்டு. பாஸ்வேர்டை ரகசியமாகக் கேட்டு வாங்கிவிட்டு, அடுத்த வரியிலேயே அதை ஒரு கட்டளையின் பின்னால் ஒட்டி அனுப்பினால், அதே எந்திரத்தில் இருக்கும் யாரும், ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளைக் காட்டும் ‘பிஎஸ்’ கட்டளை கொடுத்துப் படித்துவிடலாம். மைஎஸ்கியூஎல் கிளையன்ட் இதற்காகவே, கட்டளை வரியில் வந்த பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டதும் அந்த இடத்தில் எக்ஸ் எழுத்துகளை நிரப்பிவைக்கிறது. நிரப்புவதற்கு முன் உள்ள இடைவெளி சிறியது, ஆனாலும் இடைவெளிதான்.

இன்று பெரும்பாலான ஸ்கிரிப்டுகளுக்கு எதிரே ஆளே இல்லை. அவை கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவைகளில் தாமாக ஓடுகின்றன, வெளியீடு லாகில் சேர்கிறது. பூட்டி வைத்த ரகசியம் லாகில் வந்தால் அந்தச் சேவை அதை மூன்று நட்சத்திரமாக மாற்றிவிடும். ஆனால் அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் வேலை. ஸ்கிரிப்ட் அதே பாஸ்வேர்டைப் பேஸ்64 வடிவுக்கு மாற்றி அச்சிட்டால் மறைப்பு வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று கிட்ஹப்பின் ஆவணமே எச்சரிக்கிறது. மாற்றிய வடிவத்தையும் ரகசியமாகப் பதிவு செய்துவிடச் சொல்கிறது.